சிபியைத் தேடும் நிலா: கொக்கிளாயிலிருந்து ‘என் இனிய இயந்திரா’

கணவன் வெளியே போகிறான். திரும்பி வரவில்லை. மனைவி அரசாங்கத்திடம் கேட்கிறாள். எல்லாரைப் பற்றியும் எல்லாம் தெரிந்து வைத்திருக்கும் அந்த அரசாங்கத்திடம், அவளுடைய ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

முல்லைத்தீவில் இந்த மூன்று வரியையும் யாரிடமாவது சொன்னால், எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள். ஆனால் இது எழுத்தாளர் சுஜாதா எழுதிய விஞ்ஞானக் கதையொன்றின் தொடக்கம். காணாமல் போகிறவன் பெயர் சிபி. தேடுகிறவள் நிலா. ‘என் இனிய இயந்திரா’ 1980களின் நடுப்பகுதியில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. பின்னர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தமிழில் விஞ்ஞானக் கதைத் தொடர் என்றால் இன்றைக்கும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

கதை நடக்கும் காலம் 2021, 2022. எழுதியபோது அது எட்டாத எதிர்காலம். இப்போது அந்த இரண்டு ஆண்டுகளும் எங்களுக்குப் பின்னால் போய்விட்டன. எதிர்காலம் என்று சொல்லப்பட்டதை இறந்தகாலமாக வைத்துத் திரும்பிப் படிக்கிற வாய்ப்பு எல்லாக் கதைக்கும் கிடைப்பதில்லை.

மின்சாரம் இல்லாத ஊரில் ஒரு தொலைக்காட்சித் தொடர்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தொடர் ஒளிபரப்பான காலத்தில் வன்னியில் எங்களில் பெரும்பாலானோர் அதைப் பார்க்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதோடு மின்சாரமும் போயிற்று. பொருளாதாரத் தடையில் பற்றரிக்கும் தட்டுப்பாடு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம். தமிழ்நாட்டில் மக்கள் இயந்திர நாயொன்றைத் திரையில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் அரைப் போத்தல் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்த்தோம்.

நான் கதையை அறிந்தது புத்தகமாகத்தான். அட்டை கிழிந்து, முதல் சில பக்கங்கள் இல்லாமல், கை மாறி வந்த பிரதி. ஆகவே இங்கே நடிகர்களைப் பற்றியோ படப்பிடிப்பைப் பற்றியோ எழுதப்போவதில்லை. தொடர் சுமந்த கதையைத்தான் இன்றைய கண்ணோடு பார்க்கிறேன்.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935இல் பிறந்து 2008 பெப்ரவரியில் காலமானவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். ஓர் அரசு மக்களை எண்ணுவதற்கு இயந்திரத்தை எப்படிப் பயன்படுத்தும் என்பதை உள்ளேயிருந்து அறிந்த ஆள். கதையில் அது தெரிகிறது.

இரண்டெழுத்துப் பெயர்கள்

கதையின் இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். ஆட்களுக்கு இலக்கம் உண்டு. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லாம் சின்னப் பெயர்கள்தான்; ஆள்பவனுக்கும் அப்படியே. பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். முதியவர் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதையும் அரசே தீர்மானிக்கும். வீடு அரசு ஒதுக்குவது. சிபி காணாமல் போன வீட்டுக்கே, இதில் எனக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ரவி வந்து நிற்கிறான், ஜீனோ என்ற இயந்திர நாயோடு. நிலாவால் மறுக்க முடியாது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இவையெல்லாம் அன்று வியப்பூட்டும் கற்பனை. எங்களுக்கு ஒவ்வொன்றும் வேறு ஏதோவொன்றை ஞாபகப்படுத்துகிறது.

இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்ணென்றால் அதோடு ஐந்நூறைக் கூட்டிக்கொள்வார்கள். தெரிந்தவனுக்கு அட்டையின் இலக்கமே ஆளின் வயதையும் பாலையும் சொல்லிவிடும். அத்தோடு, வடக்குக் கிழக்கில் கொடுத்த அட்டையில்தான் தமிழும் இருந்தது. மற்ற மாகாணங்களில் சிங்களம் மட்டும். எல்லோருக்கும் இரு மொழியிலும் அட்டை என்று வந்தது 2014இல். அதுவரை சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டியதுமே, ஒரு சொல் பேசுவதற்கு முன், எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரிந்துவிடும். சுஜாதாவின் கதையில் இதற்கு மத்திய கணினி தேவைப்பட்டது. இங்கே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கடதாசித் துண்டு போதுமாக இருந்தது.

ஒதுக்கப்பட்ட வீட்டைப் பற்றியும் நாம் அறிவோம். 2009இல் மெனிக் பாமில் முன்பின் தெரியாத குடும்பங்கள் ஒரே கூடாரத்தில் இருந்தன. கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரிய மனிதர்களின் பெயரை முகாம் பகுதிகளுக்கு வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு இலக்கம்தான்.

இரண்டெழுத்தாகக் குறுக்கப்பட்ட பெயரைப் படிக்கையில் கொக்கிளாய்ப் பக்கத்து ஆளுக்கு ஊர்ப்பெயர்கள் ஞாபகம் வரும். மணலாறு சிங்களத்தில் வெலிஓயா ஆயிற்று. பொருள் ஒன்றுதான், பெயர் மட்டும் மொழி மாறிற்று. 1988இல் மகாவலித் திட்டத்தின் கீழ் அந்தப் பிரதேசம் ‘எல் வலயம்’ ஆயிற்று. சுஜாதா மனிதருக்கு இரண்டெழுத்தாவது விட்டுவைத்தார். பல கிராமங்களுக்கும் சேர்த்து வரைபடத்தில் ஒரேயொரு எழுத்துத்தான் கிடைத்தது.

விகடனில் கதை ஓடிய காலத்தில் கொக்கிளாயில் தமிழ்க் குடும்பங்கள் இல்லை. 1984 நவம்பர் முடிவிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கென்ட், டொலர் பண்ணைக் குடியேற்றங்களிலும் கொக்கிளாய், நாயாற்றுச் சிங்கள மீனவர் வாடிகளிலும் புலிகள் தாக்கியதில் பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் படையினரால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பின்னரே, ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழித்து, அவர்களால் திரும்ப முடிந்தது. வந்து பார்த்தால் கரைவலைப் பாடுகளில் வேறு ஆட்கள். காணிக்குப் பத்திரம் எங்கே என்ற கேள்வி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவரிடம் 1984க்கு முந்திய பத்திரத்தைக் கேட்டால் எங்கே போவார்? பதிவில் இல்லாதது இல்லை என்பதுதான் ஜீவாவின் ஆட்சியிலும் சட்டம்.

2022 வந்தபோது

கதையின் ஆண்டு உண்மையிலேயே வந்தபோது இலங்கையில் என்ன நடந்தது? எரிபொருள் இல்லை. 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. வாகன இலக்கத்தைப் பதிந்து, கைத்தொலைபேசியில் ஒரு கட்டம் கட்டமான குறியீட்டைக் காட்டினால்தான் பெற்றோல். கடற்றொழிலாளர் நிலை அதைவிட மோசம். வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. அந்த மண்ணெண்ணெயின் விலை ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. கொக்கிளாய்க் கரையில் படகை இழுத்து வைத்துவிட்டு இருந்தவனுக்குக் குறியீடு கைபேசியில் இருந்ததால் என்ன பயன்?

அதே ஜூலையில் நாட்டை ஆண்டவர் விமானமேறிப் போனார். பதவி விலகல் கடிதம் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. போரின்போது பாதுகாப்புச் செயலாளராக எல்லாத் திரையிலும் நிறைந்திருந்தவர் கடைசியில் ஒரு மின்னஞ்சலாக மிஞ்சினார். சுஜாதா இருந்திருந்தால் இதற்கு ஒரு குறும்பான வரி வைத்திருப்பார்.

ஏனென்றால் அவருடைய கதையின் மையத் திருப்பமும் அதுதான். மக்கள் வணங்குகிற, அஞ்சுகிற ஜீவா என்றொரு ஆளே இல்லை. ஒளியால் உண்டாக்கிய முப்பரிமாண உருவம், ஹோலோகிராம். ஆள் இல்லாமலே ஆட்சி நடக்கிறது.

இந்த இடம் மட்டும் பழசாகவே இல்லை. 2012 குஜராத் தேர்தலிலும் 2014 பொதுத்தேர்தலிலும் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் ஒளியுருவாக நின்று பேசினார். 2018இல் காலமான கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவின் உதவியால் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அவை எங்களைச் சுடவில்லை. சுட்டது 2023 நவம்பர் 27. மாவீரர் நாளன்று, புலிகளின் தலைவருடைய மகள் எனத் தன்னை அறிமுகப்படுத்திய பெண்ணொருவரின் உரை இணையத்தில் வந்தது. அது செயற்கை நுண்ணறிவின் வேலை என்றார்கள் பலர். ஆள்மாறாட்டம் என்றார்கள் சிலர். உண்மையென்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

நம்பியவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பிள்ளையின் உடலைக் கண்ணால் காணாத தாய், எங்கோ உயிரோடு இருப்பான் என்று நினைத்துக்கொண்டுதான் சோறு வைக்கிறாள். ஒருவர் திரும்பி வந்தால் மற்றவர்களும் வரலாம் என்பது அவள் கணக்கு. திரையில் வந்த முகம் அந்தக் கணக்கில் கை வைத்தது. கதையில் ஜீவாவின் உருவம் மக்களின் அச்சத்தைத் தின்று வாழ்கிறது. எங்களிடம் வந்தது ஏக்கத்தைத் தின்னப் பார்த்தது.

விடுவிக்க வந்தவர்கள்

கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தமிழில் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஜீவாவை வீழ்த்தப் புறப்படுகிறவர்கள் ரவியும் அவன் நண்பன் மனோவும். நிலா அவர்களை நம்புகிறாள். ஜீவா விழுந்த பின் நிலாவை அரியணையில் இருத்திவிட்டு, அதிகாரத்தை அவர்கள் தங்கள் கையில் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’ இந்தப் பொம்மை ராணியின் கதை.

வன்னியில் வாழ்ந்தவருக்கு இதைக் கடந்துபோவது கடினம். அரச கட்டுப்பாட்டுப் பகுதியில் பதிவும் பாதுகாப்பு அனுமதியும். புலிகளின் பகுதியிலிருந்து வெளியே போக அவர்களின் பாஸ், அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள். இரண்டு பக்கத்திலும் மேசையும் பதிவேடும் இருந்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஒன்று அரசு, குண்டுவீச்சு விமானம் வைத்திருந்தது. ஆனாலும் கடைசி மாதங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையைப் பதுங்கு குழியில் ஒளித்து வைத்த தாய்மார், யாரிடமிருந்து ஒளித்தார்கள் என்பதை ஊர் அறியும். ரவியும் மனோவும் யாரென்று தெரிந்த இடத்தில் நிலாவுக்கு ஏற்படுகிற திகைப்பு எங்களுக்குப் புதிதல்ல.

ஜீனோவும் வண்டும்

தமிழ்நாட்டில் எல்லாரும் நேசித்தது ஜீனோவை. புத்தகம் படிக்கும், குறும்பாகப் பேசும், கடைசியில் மனிதரைவிட மனிதமாக நிலாவின் பக்கம் நிற்கும் நாய். சோனி நிறுவனம் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது 1999இல். சுஜாதா அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தி.

ஆனால் வன்னிப் பிள்ளைகள் முதலில் அறிந்த ‘பார்க்கிற இயந்திரம்’ நாயாக வரவில்லை. வானத்தில் நின்று ரீங்காரமிட்டது. வண்டு என்று பெயர் வைத்தோம், ஆளில்லா வேவு விமானத்துக்கு. வண்டு சுற்றினால் சற்று நேரத்தில் செல்லோ கிபீரோ வரும் என்று நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே ‘இனிய இயந்திரா’ என்ற தலைப்பை இன்று படிக்கையில் அந்த ‘இனிய’வில் எனக்குத் தடக்குகிறது. இயந்திரம் தானே சிந்திக்கத் தொடங்கினால் நல்லதன் பக்கம் நிற்கும் என்ற நம்பிக்கை, வண்டின் கீழ் வாழாதவரின் நம்பிக்கை.

நிலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுஜாதா அவளை அழகாகவும் வெகுளியாகவும் படைத்திருக்கிறார். யோசிப்பது நாய், திட்டமிடுவது ஆண்கள், அவள் அழைத்த இடத்துக்குப் போகிறாள். அதைவிடப் பெரிய குறை, கதை வேகமெடுக்க வேகமெடுக்க சிபியைத் தேடும் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. ஜீவாவை வீழ்த்தும் சதி முன்னுக்கு வந்துவிடுகிறது. அரசியல் பெரிதாகிவிட்டால் காணாமல் போனவன் சின்ன விடயமாகிவிடுகிறான். சிறு வயதில் இதை நான் கவனிக்கவே இல்லை.

இங்கே பெண்கள் அப்படி விடவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் மார்ச் 8இல் முல்லைத்தீவுக்கும் வந்தது. வட்டுவாகலில் தங்கள் கையால் படையினரிடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே, கணவன் எங்கே என்பதுதான் அவர்களின் ஒரே கேள்வி. அரசு மாறி மாறி வந்தது. காணாமல் போனோர் அலுவலகம் வந்தது. காணாமல் போனதற்கான சான்றிதழ் என்ற கடதாசி வந்தது. 2022 மார்ச்சில், சரியாகச் சுஜாதாவின் ஆண்டில், அந்தச் சான்றிதழ் உள்ள குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. தாய்மார் வேண்டாம் என்றார்கள். கேட்டபடியே இறந்துபோனவர்கள் பலர்.

வேறொரு பழைய தொடரில் இந்தக் கேள்வி கைவிடப்படாமல் இருந்ததைச் சொல்லலாம். அமெரிக்காவின் ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரில், 1966 டிசம்பர் 8இல் ஒளிபரப்பான அத்தியாயம். தொலைதூரக் குடியேற்றமொன்றில் உணவு கெட்டுப்போகிறது. எண்ணாயிரம் பேரில் யார் வாழலாம் என்று ஆளுநர் கோடோஸ் தானே பட்டியல் போட்டு நாலாயிரம் பேரைக் கொல்கிறான். அவன் எரிந்து இறந்ததாகப் பதிவு சொல்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு நாடக நடிகனாக அவன் வருகிறான். அவன் முகத்தைக் கண்ட சாட்சிகள் மொத்தம் ஒன்பது பேர். அவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். அந்தத் தொடரின் அட்டைப் பாறைகளையும் நிறச் சட்டைகளையும் பார்த்து இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் சாட்சியின் ஆயுளுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்ற பதற்றம் அந்த ஐம்பது நிமிடத்தில் இருக்கிறது. முல்லைத்தீவுக் கொட்டகையில் இருப்பதும் அதே பதற்றம்.

இலக்கமும் பெயரும்

2023 ஜூன் 29இல், முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் வீதியோரம், கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. நீதிமன்றக் கண்காணிப்பில் செப்டெம்பரில் அகழ்வு தொடங்கியது. 2024 ஜூலையில் மூன்றாம் கட்டம் முடிந்தபோது 52 மனித எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. குழி வீதியின் கீழும் போயிற்று. 27 ஆண்டு கழித்து ஊருக்குத் திரும்பியவர்கள், கொக்கிளாய் மீனை ஏற்றி வந்த வாகனங்கள், எல்லாரும் பல வருடமாக அவர்களுக்கு மேலால்தான் போய் வந்திருக்கிறோம்.

எலும்புகளோடு உடைகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. புலிகள் தம் உறுப்பினருக்குக் கொடுத்த தகடு. அதில் பெயர் இராது, இலக்கம்தான்.

இங்கேதான் சுஜாதாவின் கதை எனக்குத் தலைகீழாயிற்று. அவருடைய உலகில் இலக்கம் பெயரைத் தின்கிறது. மனிதன் இலக்கமாவதுதான் பயங்கரம். கொக்குத்தொடுவாயில் மண் ஒட்டிய ஒரு தகட்டில் தெரிந்த இலக்கம், ஒரு பிள்ளை தன் பெயரைத் திரும்பப் பெறுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே வழி. இலக்கத்துக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவேடு தாய்மாரின் கையில் இல்லை. மரபணுச் சோதனைக்கு நீதிமன்றத்தின் உத்தரவும், பணமும், காத்திருக்க ஆயுளும் வேண்டும். அகழ்வு நடந்த நாட்களில் அவர்கள் வந்து, மஞ்சள் நாடா கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். எடுத்துக் காட்டப்பட்ட துணியின் நிறத்தைப் பார்த்தார்கள்.